கொள்ளிடக் கரையில் இரண்டு நாள்: டெல்டாவில் நண்பர்களோடு கூடாரம் போட முழுமையான வழிகாட்டி

நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று பேச்செடுத்தால் ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை என்று மலைப் பெயர்கள்தான் வரிசையாக வரும். நாங்கள் ஏழெட்டுப் பேர் வருடா வருடம் போவது சமவெளிக்கு. திருவையாற்றுக்குக் கிழக்கே, கொள்ளிடத்தை ஒட்டி, எங்களில் ஒருவனுடைய சித்தப்பாவுக்குத் தோப்பும் நான்கு மா (இந்தப் பக்கத்து நில அளவு) வயலும் இருக்கின்றன. சனிக்கிழமை மதியம் போய் ஞாயிறு மாலை கிளம்புவோம்.

டெல்டாவில் சும்மா கிடக்கும் நிலம் என்று எதுவும் கிடையாது. வரப்பில்கூடத் துவரை நிற்கும். ஆற்றுப் படுகையில் வாழை இருக்கும். வெற்றிடம் என்று நாம் நினைக்கிற திடலில் நாளைக்கு நெல் காயப் போகிறது. நீங்கள் தங்கப் போவது யாரோ ஒருவர் பாடுபடும் இடம். எப்போது போவது, எங்கே படுப்பது, எங்கே அடுப்பு மூட்டுவது எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது.

தேதி குறிப்பது

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருடங்களில் திறப்பு தள்ளிப் போகும். பயிர் இன்னும் நிற்கிறது என்றால் மூடுவதும் தள்ளிப் போகும். இந்த எட்டு மாதமும் வாய்க்கால், வயல், வரப்பு எல்லாம் ஈரமாக இருக்கும். குறுவை, சம்பா, தாளடி என்று நெல் போகங்களின் வேலை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வேறு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்ததை நேரில் பார்த்தவர்கள் எவரும் அந்த மாதத்தில் கூடாரத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

நல்ல காலம் தை கடைசியிலிருந்து மாசி முடியும்வரை. சம்பா அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பங்குனி பிறந்துவிட்டால் பகல் முழுக்க நிழல் தேடி ஓட வேண்டியதுதான். மார்கழியும் அழகுதான், ஆனால் வயலில் பயிர் நிற்கும், பனியும் கடுமை.

மாதத்தை முடிவு செய்த பிறகு நிலவைப் பாருங்கள். பௌர்ணமிக்குப் பக்கத்துச் சனிக்கிழமை என்றால் கைவிளக்கே இல்லாமல் வரப்பில் நடக்கலாம். நட்சத்திரம் பார்க்கும் ஆசை இருந்தால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். எனக்கு அமாவாசைதான் பிடிக்கும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இடம் பார்ப்பது

மூன்று வகை இடங்கள் உண்டு. கொள்ளிடம், காவிரியின் கரையோரத் தோப்புகள் முதல் வகை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகள் இரண்டாவது. மூன்றாவது, அறுவடை முடிந்த கிராமத்துக் களம் அல்லது போர்செட் கொட்டகையை ஒட்டிய மேடு. முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் மூன்றாவதைத்தான் சொல்வேன். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும், மேடாக இருக்கும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும்.

கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, வடுவூர் ஏரி ஆகியவற்றைப் பகலில் போய்ப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவை வனத்துறைப் பொறுப்பில் இருக்கும் இடங்கள். அங்கே நம் இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது.

ஆற்று மணலில் படுக்கவே கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். மேட்டூர் 120 அடி நிரம்பி உபரி வந்தால், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் அதைக் கொள்ளிடத்துக்குத்தான் திருப்பிவிடுவார்கள். உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாத இரவில்கூட ஆறு ஏறும். 2018 ஆகஸ்டில் அந்த வெள்ளத்தில்தான் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்து போயின. மாசியில் இந்த ஆபத்து குறைவு என்றாலும் பழக்கம் பழக்கமாகவே இருக்கட்டும்: கூடாரம் எப்போதும் கரைக்கு வெளியே, ஊர் இருக்கும் பக்கம்.

தண்ணீர் வற்றிய ஆற்றிலும் இறங்கிக் குளிக்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம் போலிருக்கும், ஓர் அடி தள்ளி ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். கீழணை இருக்கும் அணைக்கரையிலும் அதற்குக் கிழக்கேயும் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. ஊர்க்காரர்கள் இறங்காத துறையில் நாமும் இறங்கக் கூடாது.

நிலத்துக்காரரிடம் கேட்பது

கூட்டத்தில் ஒருவராவது அந்த ஊரோடு தொடர்புள்ளவராக இருக்க வேண்டும். சித்தப்பா, மாமா, கல்லூரி நண்பனின் அப்பா, யாராவது. முன்பின் தெரியாத ஊரில் இரவு எட்டு மணிக்கு எட்டுப் பேர் டார்ச் அடித்துக்கொண்டு தோப்பில் நடந்தால் ஊர் சந்தேகப்படும், அதில் தப்பே இல்லை.

போன் செய்து மட்டும் கேட்காமல், முடிந்தால் ஒருவர் ஒரு வாரம் முன்னால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்க வேண்டியவை நான்கைந்து. எந்தத் தேதியில் அறுவடை மிஷின் வருகிறது? அந்த வாரம் களத்தில் நெல் கொட்டிக் கிடக்குமா? மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும்? பக்கத்து நிலத்துக்காரர் யார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா? கழிப்பறை எங்கே?

மும்முனை மின்சாரத்தை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், பம்புசெட் அந்த நேரத்தில்தான் ஓடும். தண்ணீர் பிடிப்பது, குளிப்பது எல்லாம் அதற்கேற்பத்தான். கழிப்பறைப் பேச்சில் கூச்சமே வேண்டாம், பெண்கள் வரும் கூட்டமென்றால் இதுதான் முதல் கேள்வி. போர்செட் கொட்டகையிலோ பக்கத்து வீட்டிலோ வசதி இருந்தால் மட்டும் அந்த இடத்தை உறுதி செய்யுங்கள்.

இப்போது நான் செய்த தப்பு ஒன்று. முதல் வருடம் போனபோது அறுத்து முடித்த வயல் ஒன்று கண்ணுக்கு எட்டிய தூரம் காலியாகக் கிடந்தது. தாள் மட்டும்தான் நின்றது. அதில் இரண்டு கூடாரம் போட்டோம். காலையில் பக்கத்து வயல் அத்தை வந்து நின்றார். கோபப்படவில்லை. குனிந்து தாளை விலக்கிக் காட்டி, "தம்பி, உளுந்து முளைச்சிருக்கு பாருங்க" என்றார். டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும். அறுவடை முடிந்ததும் காலியாகத் தெரிகிற வயலில் அடுத்த பயிர் இரண்டு இலை விட்டிருக்கும். நாங்கள் நசுக்கியது இரண்டு கூடாரத்தின் அளவுதான், ஆனால் அந்த இரண்டு இலையைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அன்றிலிருந்து நிலத்துக்காரர் கையால் காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் கூடார முளை அடித்ததில்லை.

ஆட்களும் வழியும்

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான கணக்கு. பத்தைத் தாண்டினால் சமையலும் சத்தமும் கட்டுக்கு அடங்காது. சென்னையிலிருந்து வருபவர்கள் உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் கும்பகோணமோ தஞ்சாவூரோ வந்துவிடலாம். காரில் வந்தால் கிராமச் சாலைகளில் மெதுவாக ஓட்டுங்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் சாலையை முழுதாக அடைத்துக்கொண்டு வரும். காயும் நெல்லின் மேல் டயர் ஏற்றக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூட்டை கட்டுவது

மூன்று, நான்கு பேர் படுக்கும் கூடாரத்தில் இருவர், மூவர் என்று கணக்கு வையுங்கள். கூடாரத்தின் மேலே போடும் மழைவிரிப்பு கட்டாயம் வேண்டும். மழை வராதே என்று அதை விட்டுவிட்டு வருவார்கள். மாசிப் பனி விடியற்காலையில் தூறல் போலச் சொட்டும், உள்ளே போர்வை நனைந்துவிடும். கூடாரத்துக்கு அடியில் தார்ப்பாய். உள்ளே மெத்தையைவிடக் கோரைப்பாயும் கனமான ஜமுக்காளமும் சுகம். களிமண் தரை இரவில் குளிரை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு தலைவிளக்கு, கணுக்கால் மறைக்கும் ஷூ, முழுக்கால் சட்டை, குல்லா, கொசு விரட்டும் களிம்பு. பொதுவில் ஒரு சுத்தியல், இருபது மீட்டர் கயிறு, நீளமான இரும்பு முளைகள், ஓர் அரிவாள், முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கேனில் எடுத்துப் போங்கள். போர் தண்ணீர் குளிக்கவும் பாத்திரம் கழுவவும்.

இரும்பு முளை என்று சொன்னதற்குக் காரணம் மண். கூடாரத்தோடு வரும் மெல்லிய அலுமினிய முளை, காய்ந்து வெடித்த டெல்டா களிமண்ணில் வளைந்துவிடும். படுகை மணலிலோ அது நிற்கவே நிற்காது. மணற்பாங்கான இடமாக இருந்தால் சாக்கில் மண் நிரப்பி அதில் கயிற்றைக் கட்டிவிடுங்கள்.

கூடாரம் போடுவது

பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். இருட்டில் இடம் பார்க்க முடியாது.

தென்னந்தோப்பு என்றால் மேலே பாருங்கள், பிறகு கீழே. நெற்றுத் தேங்காயோ காய்ந்த மட்டையோ எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கமாகத் தென்னை 25 அடி இடைவெளியில் நட்டிருப்பார்கள். நான்கு மரங்களுக்குச் சரி நடுவில் நின்றால் ஒவ்வொரு மரத்திலிருந்தும் சுமார் 18 அடி தள்ளி இருப்பீர்கள். அந்த நடுப்புள்ளிதான் கூடாரத்தின் இடம். சாய்ந்த மரம் இருக்கும் வரிசையை விட்டுவிடுங்கள்.

வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வைக்கோலில் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். நெருப்பு பயம் தனி. வாய்க்கால் கரை, வரப்பு ஓரம், கறையான் புற்று, செங்கல் குவியல், மட்டைக் குவியல் எல்லாவற்றிலிருந்தும் விலகி இருங்கள். தரையைத் துடைப்பத்தால் நன்றாகக் கூட்டி, பொந்துகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு தார்ப்பாயை விரியுங்கள். தார்ப்பாயின் விளிம்பு கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் பனிநீர் அதில் வழிந்து அடிப்பக்கம் வந்து தேங்கும். வாசல் கிழக்கு பார்த்து இருந்தால் காலை வெயில் ஈரத்தைச் சீக்கிரம் காய வைக்கும்.

அடுப்பும் அரிசியும்

அடுப்பைக் கூடாரத்திலிருந்து முப்பது அடியாவது தள்ளி, புகையையும் பொறியையும் காற்று கூடாரத்தின் பக்கம் கொண்டுவராத இடமாகப் பார்த்து, மண் தரையில் மூன்று செங்கல் வைத்து மூட்டுங்கள். சுற்றிலும் ஆறடிக்குச் சருகோ தாளோ இல்லாமல் கூட்டிவிட வேண்டும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். எரிக்கத் தென்னம்பாளை, பன்னாடை, காய்ந்த மட்டை போதும். நிலத்துக்காரரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், அவர்களும் அதைத்தான் எரிப்பார்கள்.

எனக்கு இந்தப் பயணத்தின் உயிர் இந்த அடுப்படிதான். திராட்சைத் தோட்டம் இருக்கும் நாடுகளில் போகிற இடமெல்லாம் ஒயினை ஒரு வாய் ஊற்றிக்கொடுத்து மண்ணையும் ரகத்தையும் பற்றிப் பேசுவார்களாம். நம் டெல்டாவில் அப்படிப் பேச நெல் இருக்கிறது. ஆனால் நெல் விளையும் மண்ணில் உட்கார்ந்து, இது என்ன ரகம் என்று கேட்டுச் சாப்பிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்தான் ஏ.டி.டி. என்று தொடங்கும் நெல் ரகங்களில் இருக்கிறது என்பதே நண்பர்கள் பலருக்கு அங்கே வந்துதான் தெரிந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மறைந்துகொண்டிருந்த 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்தவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். அவர் கையால் விதை வாங்கிப் போட்டவர்கள் இன்றும் இந்தப் பக்கம் பயிரிடுகிறார்கள்.

ஆகவே சனிக்கிழமை இரவு மூன்று அரிசி சமையுங்கள். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா. முடிந்தால் அந்தப் பக்கத்து விவசாயிகளிடமே வாங்குங்கள். எட்டுப் பேருக்கு மூன்றும் சேர்த்து ஒன்றரைக் கிலோ போதும். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பரிசி. ஆள் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளத்திலும் நிற்கும் பயிர். அரிசியும் அப்படியே, லேசில் வேகாது. வெள்ளிக்கிழமை இரவே வீட்டில் ஊறவைத்து எடுத்து வந்து, ஒரு பங்குக்கு நான்கு பங்குத் தண்ணீர் வைத்து, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுங்கள். முதலில் அடுப்பில் ஏற வேண்டியது இதுதான். மற்ற இரண்டும் வெள்ளை அரிசி. கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பதம் பார்த்து வடித்துவிடலாம். வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாதீர்கள், உப்பும் மோரும் போட்டுக் குடிக்கலாம்.

வாழையிலையில் மூன்றையும் தனித்தனியாக ஒரு கைப்பிடி வையுங்கள். முதலில் வெறும் சோறு. அப்புறம் ஒரு துளி நெய், ஒரு கல் உப்பு. தூயமல்லி பூப்போல இருக்கும், வாயில் வைத்ததும் கரையும். கிச்சிலியில் ஒரு மென்மையான இனிப்பு. மாப்பிள்ளைச் சம்பா மெல்ல மெல்லத்தான் ருசி விடும், கொஞ்சம் கொட்டைச் சுவை. அதற்குப் பிறகு குழம்பு. சாயங்காலமே சந்தையில் விராலோ கெண்டையோ வாங்கி வந்திருந்தால், சின்ன வெங்காயமும் புளியும் தூக்கலாகப் போட்டு மண்சட்டியில் மீன் குழம்பு. சைவம் என்றால் கத்தரிக்காய் கொத்சு, சுட்ட அப்பளம். அந்தத் தோப்பின் சித்தப்பாவையும் சித்தியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். போன வருடம் சித்தப்பா கிச்சிலியை வாயில் போட்டுவிட்டு, "எங்கப்பா காலத்துல இதத்தான் போட்டோம், சாப்பிட்டு நாப்பது வருஷம் இருக்கும்" என்று சொல்லி இரண்டாம் தடவை கை நீட்டினார்.

மிஞ்சின மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலைச் சாப்பாடு முடிந்தது.

மது பற்றி ஒரு வார்த்தை. அது அடுத்தவர் நிலம், பக்கத்தில் ஆறு, இருட்டில் பாம்பு. நாங்கள் கொண்டுபோவதில்லை. கள் இறக்கத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஆனால் மாசி கடைசியில் பனை மரங்கள் இருக்கும் பக்கம் போனால் காலையில் பதநீர் கிடைக்கலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதா என்று கேட்டு வாங்கி, வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடுங்கள்.

இரவு

சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலை, மீன் முள் எல்லாவற்றையும் கட்டி அப்புறப்படுத்துங்கள். இல்லையென்றால் எலியும் நாயும் வரும். அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

கூடார ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். ஷூவைக் கூடாரத்துக்குள் ஒரு பையில் போட்டு வைத்து, காலையில் உதறிவிட்டுப் போடுங்கள். இந்தப் பகுதியில் நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் மூன்றும் உண்டு. இதில் கட்டுவிரியனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. நடு இரவில் ஒருவருக்குக் காரணம் தெரியாமல் வயிற்று வலி, இமை சொருகுதல், நாக்குக் குழறுதல் என்று வந்தால் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் கும்பகோணம் அரசு மருத்துவமனையும் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். ஒரு வண்டி எப்போதும் சாலையைப் பார்த்து, வெளியே எடுக்க வசதியாக நிற்கட்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் நிம்மதியாக வானம் பார்க்கலாம். அமாவாசை பிடிக்கும் என்று சொன்னது இதற்காக. மாசி இரவு ஒன்பது மணி வாக்கில் கார்த்திகைக் கூட்டம் மேற்கே சரிந்திருக்கும், தலைக்கு மேலே திருவாதிரை செந்நிறமாகத் தெரியும். தெற்கே பாருங்கள். வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸுக்குக் கீழே, தென்னை ஓலைகளுக்குச் சற்று மேலே ஒரு தனி விண்மீன் மினுங்கும். அதுதான் அகத்திய நட்சத்திரம், பிரகாசத்தில் இரண்டாவது. அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்ததில் காவிரி பிறந்தாள் என்று சின்ன வயதில் கேட்ட கதையை, அந்த நட்சத்திரத்துக்குக் கீழே, அந்த ஆற்றின் கரையில் படுத்துக்கொண்டு நண்பன் மகளுக்குச் சொன்னோம். அவள் கடைசிவரை தூங்கவில்லை.

ஞாயிறு

பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கெட்டித் தயிர். மும்முனை மின்சாரம் வந்ததும் பம்புசெட் தொட்டியில் குளியல், சோப்பு நுரை வாய்க்காலில் கலக்காமல். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் சித்தப்பாவோடு வயலைச் சுற்றி வாருங்கள். மடை எது, வடிகால் எது, தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று அவரே சொல்லுவார்.

மதியத்துக்கு மேல் ஓர் இடம் மட்டும் பாருங்கள், இரண்டு வேண்டாம். மேற்கே போகிறவர்களுக்குக் கல்லணை. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நான்காகத் தண்ணீர் பிரியும் இடத்தைப் பார்த்தால், இரண்டு நாளாக நீங்கள் படுத்திருந்த மண் எப்படி விளைகிறது என்பது புரியும். கிழக்கே என்றால் அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். பறவை பார்க்கும் ஆசை இருந்தால் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் வடுவூர். ஆனால் அங்கே வெயில் தாழ்ந்த பிறகு போனால்தான் கூடு திரும்பும் பறவைகளைப் பார்க்கலாம்.

கிளம்புவது

கூடாரத்தைப் பனி காய்ந்த பிறகு மடியுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். முளை அடித்த ஓட்டைகளைக் காலால் மிதித்து மூடுங்கள். இரும்பு முளைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டுப் போனால்கூட நாளைக்கு யாருடைய காலிலாவது, டிராக்டர் டயரிலாவது ஏறும். பிளாஸ்டிக் எல்லாம் உங்களோடு ஊருக்கு வரட்டும். வயல் ஓரத்தில் எரிக்க வேண்டாம். செங்கற்களை எடுத்த இடத்திலேயே அடுக்கிவிட்டு, அடுப்புச் சாம்பலைச் சித்தியிடம் கேளுங்கள். எங்கள் சித்தி அதைக் கத்தரிச் செடிக்குப் போட வாங்கிக்கொள்கிறார். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நாங்கள் போகும்போதே கும்பகோணத்துக் காபித்தூள் ஒரு கிலோவும் திருவையாற்று அசோகாவும் வாங்கிப் போய்விடுவோம். திரும்பும்போது வண்டியில் இரண்டு தார் வாழையும் பத்து தேங்காயும் ஏறியிருக்கும். அடுத்த வருடத் தேதியை வாசலில் நின்றே சித்தப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அறுவடை எப்போது என்று அவருக்குத்தான் தெரியும்.